மச்சினனுக்கு எழுதிய பரீட்சை

பால்ச்சாமிதான் அந்தப் படிப்பில் சேர்வதாக இருந்தது. மச்சினன் முத்துராஜைக் கூட்டிக்கொண்டு போனது துணைக்கு. நாற்பத்தாறு வயசில் தனியாகப் போய் பெஞ்சில் உட்கார வெட்கமாக இருக்காதா. இதைப் பிற்பாடு யார் யாரிடமோ சொல்லிப் பார்த்தான். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு பேரும் அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி குடோனில் லோடுமேன்கள். ஊர் திருச்சுழிப் பக்கம். காலையில் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே லாரியில் ஏற்றி இறக்கி, சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். லோடு வேலையில் ஜோடி என்று ஒன்று உண்டு. கீழே நிற்பவன் மூட்டையைக் கொக்கி போட்டு மேலே தள்ளுவான், லாரிமேல் நிற்பவன் வாங்குவான். கீழே இருப்பவன் "விடுறேன்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். மேலிருந்து "ஆங்" என்று பதில் வந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலாக பால்ச்சாமி கீழே, முத்துராஜ் மேலே. பால்ச்சாமி கட்டியிருப்பது முத்துராஜின் அக்கா நாகஜோதியை. ஆகவே வீட்டிலும் ஜோடி, வேலையிலும் ஜோடி என்று குடோனில் கேலி பேசுவார்கள்.

குடோன் வாசலில் முதலாளி புதுசாக எடைமேடை போட்டார். லாரி ஏறி நின்றால் பக்கத்து ரூமில் கம்ப்யூட்டரில் எடை விழும். அந்த ரூமில் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு காத்தாடி. மேஸ்திரி சோலைச்சாமி ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

"மொதலாளி வெளியாளப் போட மாட்டாராம். நம்ம ஆளுகள்ல எவனாவது பந்தல்குடி ரோட்டுக் கல்லூரியில கணக்குப் படிச்சு சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டு வந்தா, அவனத்தான் ஒக்கார வப்பாராம். ஒரே ஒரு ஆளுதான்."

பால்ச்சாமிக்கு வலது முட்டி போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. மூட்டையோடு குனிந்தால் நிமிர்வதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. அன்றைக்கு ராத்திரி அவன் சோற்றில் கை வைக்கவில்லை. மனசுக்குள் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது சமுதாயக் கல்லூரி. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். முதலில் இயற்கணிதம் என்று ஒரு பாடம். அதில் பாஸானால்தான் கம்ப்யூட்டர் பக்கம் விடுவார்கள். பால்ச்சாமி எழுத்துப் படித்ததே முப்பது வயசுக்கு மேல்தான். பஸ் போர்டு, டீக்கடைப் பேப்பர், ரேஷன் கடைப் பலகை என்று கூட்டிக் கூட்டிப் படித்தவன். பிந்திப் படித்ததாலோ என்னவோ, அவன் எழுத்து செங்கல் அடுக்கியது மாதிரி இருக்கும். முத்துராஜ் ஏழாவது வரை போய் நின்றவன். அவனுக்கு எடைமேடைமேல் ஆசையே கிடையாது.

"நீ போ மச்சான். நான் எதுக்கு?" என்றான்.

"சும்மா வாடா மாப்ள. ஞாயித்துக்கெழம ஒனக்கு என்ன வேல கெடக்கு? பக்கத்துல ஒக்காந்திரு, போதும்."

அப்படித்தான் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

கஸ்தூரி டீச்சர் காரியாபட்டியிலிருந்து வருவார். சின்ன வயசுதான், ஆனால் பெரிய ஆட்களைக் கண்டு மிரள மாட்டார். முதல் நாள் போர்டில் எக்ஸ் என்று எழுதினார். தெரியாத எண்ணுக்கு இப்படி ஒரு பேர் வைத்துக்கொள்வோம் என்றார். பால்ச்சாமிக்கு இது ஒப்பவில்லை. தெரியாததற்கு எதற்குப் பேர்? தெரிந்த பிறகு வைக்கலாமே. பக்கத்தில் பார்த்தால் முத்துராஜ் வாயைத் திறந்தபடி போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான், கோயில் கொடைத் திருவிழாவில் வாணம் விடுவதைப் பார்க்கிற மாதிரி.

மூன்றாவது ஞாயிறு டீச்சர் பால்ச்சாமியைப் போர்டுக்குக் கூப்பிட்டார். எக்ஸு கூட்டல் அஞ்சு, சமம் பன்னெண்டு. அஞ்சை அந்தப் பக்கம் கொண்டு போங்க என்றார். பால்ச்சாமி கொண்டு போனான். பன்னெண்டு கூட்டல் அஞ்சு, பதினேழு. எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"அந்தப் பக்கம் போனாக் குறி மாறும்ல அண்ணே?" என்றார் டீச்சர்.

"ஏன் மாறணும் டீச்சர்? இந்த லாரியிலருந்து அஞ்சு மூட்டைய அந்த லாரிக்கு மாத்துறோம். அங்க போனாலும் அஞ்சு மூட்டதான. அங்க பன்னெண்டு கெடக்கு, சேத்தாப் பதினேழு. கொறையுறதுக்கு வழியில என்ன களவா போச்சு?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, எப்படிச் சொல்வதென்று யோசித்தார். அதற்குள் முத்துராஜ் எழுந்துவிட்டான்.

"மச்சான், மூட்டைய மாத்தவே இல்ல. ரெண்டு லாரியும் ஒரே எடையா நிக்குது, அம்புட்டுதான் சமம்னா. இதுல அஞ்ச எறக்குனா, அதுலயும் அஞ்ச எறக்கணும். இல்லாட்டி எடை தப்பிரும். பன்னெண்டுல அஞ்ச எறக்கு. ஏழு."

டீச்சர் முகம் அப்படியே மலர்ந்தது. "இத நான் இனிமே எல்லா வகுப்புலயும் சொல்லப் போறேன்" என்றார். முன் பெஞ்சு நெசவுக்காரர் ஒருத்தர் திரும்பி முத்துராஜின் முதுகில் தட்டிக்கொடுத்தார். போர்டுக்குப் பக்கத்தில் நின்ற பால்ச்சாமியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவனாகவே வந்து உட்கார்ந்தான்.

முத்துராஜ் சொன்னது அவனுக்குப் புரியாமலில்லை. புரிந்தது. அதுதான் எரிச்சல். வேறு எவன் வாயிலிருந்து வந்திருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பான். மாப்பிள்ளை வாயிலிருந்து வந்ததை எடுக்க மனசு வரவில்லை. பிறகு வந்த கணக்குகளிலும் வீம்புக்குக் கூட்டலையே போட்டான்.

வீட்டில் அதுக்கு மேல். நாகஜோதி தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"எங்க அய்யா அப்பவே சொல்லுவாக, முத்துராஜு மட்டும் படிச்சிருந்தா கலெக்டராகிருப்பான்னு. டீச்சரே மூக்குல வெரல வச்சுட்டாகளாம்ல."

"அவன் என்னத்த சொன்னான்? லாரிலருந்து மூட்டைய எறக்கச் சொன்னான். அதத்தான நானும் காலம்பூரா செய்றேன்," என்றான் பால்ச்சாமி.

"செய்றீக. சொல்லத் தெரியலயே."

பத்து வருஷ ஜோடியில் அவன் மாப்பிள்ளையிடம் "விடுறேன்" தவிர வேறு பேச்சில்லாமலே மூட்டை தள்ள ஆரம்பித்தான். முத்துராஜுக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடித் தூசியில் விரலால் கணக்கு எழுதிக்கொண்டு வருவான். இப்போது அவனுக்கே அந்த நாற்காலி ஆசை வந்துவிட்டது. ஒளித்துவைக்கத் தெரியாமல் சொல்லவும் செய்தான்.

"மச்சான், நமக்குள்ள யாரு ஒக்காந்தா என்ன, வீடு ஒண்ணுதான?"

வீடு ஒன்றுதான். முட்டி வேறல்லவா.

பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமை, வெயில் ஏறிய நேரம். லாரியில் கடைசி அடுக்கு. பால்ச்சாமி கீழிருந்து மூட்டையைத் தள்ளினான். முத்துராஜ் பலகையோரம் குனிந்து கை கொடுத்தான். அந்த நேரத்தில் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான், ஏதோ ஒரு எக்ஸுக் கணக்கு. பால்ச்சாமியின் காதில் அது விழுந்தது. கையை எடுத்துவிட்டான். "விடுறேன்" என்று சத்தம் கொடுத்தானா? கொடுக்கவில்லை. மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. கை போனது, வாய் திறக்கவில்லை. மூட்டை முத்துராஜின் வலது கையைப் பலகையோடு வைத்து நசுக்கியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலுக்குப் பட்டை வைத்துக் கட்டினார்கள். சோலைச்சாமி வந்து, "சத்தம் குடுத்தியா இல்லையாலே?" என்று பால்ச்சாமியைப் பார்த்தார்.

முத்துராஜ் முந்திக்கொண்டான். "மச்சான் குடுத்திருப்பாரு. எனக்குத்தான் கேக்கல. நெனப்பு வேற எங்கயோ கெடந்துச்சு."

பால்ச்சாமி வெளியே வந்து தண்ணீர் குடித்தான். அந்தத் தண்ணீரோடு ஒரு குளிர்ச்சியும் நெஞ்சுக்குள் இறங்கியது. இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவான்? உடனே தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் குளிர்ச்சி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் கட்டோடு வந்தான். டீச்சர் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணும் பிரச்சினையில்ல. நீங்க வாயால சொல்லுங்க, வேற ஆளு எழுதட்டும். ஆனா எழுதுறவுக மொதல்ல தன் பரீட்சைய முடிச்சுக் குடுத்துட்டு வந்து எழுதணும்."

"மச்சான் எழுதட்டும் டீச்சர். அவுக எழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

பால்ச்சாமி தன் பரீட்சையை எழுதினான். கடைசிக் கணக்கு பெரியது. மூணு எக்ஸு கூட்டல் அஞ்சு, சமம் இருபத்தாறு. அவன் அஞ்சைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான், கூட்டலாகவே. முப்பத்தொன்று வந்தது. மூணால் வகுத்தால் பத்துப் போய் ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்றை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுத் தாளைக் கொடுத்தான்.

மற்றவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். டீச்சர் மேசையில் தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில் மச்சானும் மாப்பிள்ளையும். முத்துராஜ் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். பால்ச்சாமி எழுதினான். கணக்கு ஒவ்வொன்றாக ஓடியது. தன் கையெழுத்தில் அடுத்தவன் அறிவு இறங்குவதைப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

கடைசிக் கணக்கு வந்தது.

"ரெண்டு பக்கமும் அஞ்ச எறக்கு மச்சான். மூணு எக்ஸு சமம் இருபத்தாறு கழித்தல் அஞ்சு."

பால்ச்சாமி இருபத்தாறு எழுதினான். கழித்தல் கோடு ஒன்று படுக்கையாக இழுத்தான். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தான். கண் மூடித்தான் இருந்தது. பேனா அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோட்டை இறக்கியது. கூட்டல். பக்கத்தில் அஞ்சு.

"அப்ப மூணு எக்ஸு இருபத்தொண்ணு," என்றான் முத்துராஜ்.

தாளில் இருபத்தாறு கூட்டல் அஞ்சு நிற்கிறது. இருபத்தொன்று எழுதினால் மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டாது. டீச்சர் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துபோகும், எழுதினவன் கைதான் கோளாறு என்று. முப்பத்தொன்று எழுதலாம். எழுதினால் அடுத்து மூணால் வகுக்க வேண்டும். மிஞ்சுகிற அந்த ஒன்றை எங்கே கொண்டு போய்த் தள்ளுவது? அவன் சொந்தத் தாளிலேயே அந்த ஒன்று அநாதையாகத்தான் கிடக்கிறது.

"எக்ஸு ஏழு. சரி பாத்துருவோம் மச்சான். மூவேழு இருபத்தொண்ணு, அதுகூட அஞ்சு, இருபத்தாறு. ரெண்டு பக்கமும் நிக்குதா?"

நின்றது. பால்ச்சாமி மனசுக்குள் போட்டுப் பார்த்தான், ஒழுங்காக நின்றது. மாப்பிள்ளையைக் கவிழ்ப்பதாக இருந்தாலும் இந்தக் கணக்கை முழுசாகத் தெரிந்திருந்தால்தான் கவிழ்க்க முடியும் போலிருக்கிறது. அந்தக் கூட்டலை மறுபடி கழித்தலாக ஆக்கவும் வழியில்லை. குறுக்குக் கோட்டை அழிக்க முடியாது. அவன் அந்த வரியை முழுசாக அடித்துவிட்டு, கீழே புதுசாக எழுதினான். இருபத்தாறு கழித்தல் அஞ்சு. இருபத்தொன்று. ஏழு.

முத்துராஜ் கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தான். அடித்த வரியில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"என்ன மச்சான், அடிச்சிருக்க?"

"கை தவறிருச்சு."

"இன்னைக்குமா?" என்றான் முத்துராஜ். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த வாரம் முத்துராஜ் பாஸ், பால்ச்சாமி பெயில். டீச்சர், "கையெழுத்துக்கு மார்க்கு இருந்தா உங்களுக்குத்தான் அண்ணே முதல் மார்க்கு. அடுத்த வகுப்புல மறுபடி எழுதுங்க," என்றார். அந்த ஆறுதலுக்கு நாலு அறை விட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

முத்துராஜ் கம்ப்யூட்டரும் படித்து முடித்தான். விரல் கட்டைப் பிரித்தார்கள், ஒரு விரல் நுனி மடங்காமலே நின்றுவிட்டது. பட்டன் தட்ட அது போதும். பொங்கல் கழித்து எடைமேடை ரூமில் உட்கார்ந்தான். நாகஜோதி தம்பிக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். பால்ச்சாமிக்குப் புது ஜோடியாக வந்தவன் எதற்கெடுத்தாலும் "ஆங், ஆங்" என்பான், எதையும் ஒழுங்காகப் பிடிக்க மாட்டான்.

ஒரு மத்தியானம் லோடு ஏற்றிய லாரி எடைமேடைக்கு வந்தது. மூட்டைகளின்மேல் பால்ச்சாமி உட்கார்ந்திருந்தான். முட்டி வலியில் குடோனிலிருந்து வாசல் வரை நடக்கச் சலித்து ஏறிக்கொண்டது. ரூம் ஜன்னலில் முத்துராஜின் தலை தெரிந்தது. காத்தாடிக் காற்றில் முடி பறந்தது.

"மச்சான், எறங்கிக்கிறியா? ஆளோட எடை போடக் கூடாது."

பால்ச்சாமி அசையவில்லை. "நான் ஒக்காந்திருக்கறது ஒனக்குத் தெரியுதுல்ல? கழிச்சுக்க. கழிக்கத்தான் நல்லாத் தெரியுமே ஒனக்கு."

டிரைவர் வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தான். முத்துராஜ் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"ஒன் எடை எம்புட்டுன்னு தெரியாம எப்படி மச்சான் கழிக்கிறது?"

"அதுக்கும் ஒரு பேர வச்சுக்க."

"வச்சுக்கிறலாம். மொதலாளி ஒத்துக்கிற மாட்டாரே."

பின்னால் இன்னொரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பால்ச்சாமி எழுந்தான். கயிற்றைப் பிடித்து, நல்ல காலை முதலில் இறக்கி, பிறகு கெட்ட காலை இறக்கி, தரைக்கு வந்தான். சீக்கிரம் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. மேடையை விட்டு ஒதுங்கி நின்று ஜன்னலைப் பார்த்தான். முத்துராஜ் அந்த மடங்காத விரலால் பட்டனைத் தட்டினான்.

"எம்புட்டுடா மாப்ள?" என்று கேட்டான் பால்ச்சாமி.

முத்துராஜ் எடையைச் சொன்னான். பால்ச்சாமி அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அடுத்த லோடுக்கு நடந்தான். வருகிற ஞாயிறு புது வகுப்பு தொடங்குகிறது. துணைக்கு ஆள் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தான்.