தவளை என்று நான் சொன்ன ஆந்தை

1

இந்தக் கதை ஒரு பந்தயத்திலிருந்து வந்தது. பந்தயம் கட்டிய இருவரில் நான்தான் மிச்சம். ஆகவே எழுதுகிற வேலை என் தலையில்.

முதல் வாக்கியமாக, ‘மார்கழிப் பனியில் மேலகரம் ஒரு கனவைப் போல’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். எங்கள் ஊரான மேலகரத்தில் மார்கழிக்குக் குளிர்காற்றும் கொசுவும்தான் உண்டு.

இரண்டாவது: ‘என் மனைவி முத்துவடிவு சென்ற பங்குனியில்’

இதை முடிக்கவில்லை. எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சல், ஐந்து நாள். போதும்.

2

பந்தயம் கட்டியது 1960 மார்கழியில். நான் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார், விலங்கியல் பட்டதாரி. சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். ஆறு மணிக்குப் புறவாசல் பக்கமிருந்து ‘உக்’ என்று ஒரு சத்தம் வரும். தவளை என்றேன். ஆந்தை என்றாள் முத்துவடிவு. ஆந்தை அலறும், இப்படிச் சந்தேகம் கேட்காது என்று விளக்கினேன். அவள் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போவாள். போன பிறகு இன்னொரு ‘உக்’ வரும்.

தோற்றவர் மார்கழி விடியலில் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. (அருவி வீட்டிலிருந்து ஒன்றரை மைல். நான் வருஷம் முழுக்க வெந்நீரில் குளிப்பவன். தண்டனையை யோசித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.)

தீர்ப்பு வருமுன் பங்குனி வந்துவிட்டது. அதன்பிறகு எனக்கு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். இந்த மார்கழியில் ஒருநாள் ‘உக்’ என்று ஒரே ஒரு தடவை கேட்டது. பேனாவை மூடினேன். அவளுக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது.

3

சைக்கிள் கடை பரீது என்னோடு பள்ளியில் படித்தவன். டார்ச் லைட் கேட்டேன். டார்ச்சோடு ஒரு கவணும் கொண்டுவந்தான்.

“ஏலே, நீ வெளிச்சம் அடி. நான் கல்லு அடிக்கேன். எனக்குக் குறி தப்பாது.”

எங்கள் தெருவில் எல்லோருக்கும் இப்படித்தான் புரிந்தது. முத்துவடிவு படுத்திருந்த ஐந்து நாளும் ஆந்தை கத்தியதாம். அப்படியானால் புருஷன்காரன் ஆந்தையைத் தேடுவது பழிவாங்கத்தானே?

“அடிக்க இல்லலே. பாக்கதுக்கு.”

“பாத்துட்டு?”

“குளிக்கணும்.”

பரீது கவணைக் கீழே இறக்கினான். செங்கோட்டையில் நல்ல வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்றான்.*

(*இதைப் படித்த பரீது, தன்னைக் கொஞ்சம் உயரமாக எழுதச் சொன்னான். பரீது உயரமானவன்.)

4

அடுத்த வீட்டில் என் மாமியார் சொக்கம்மாள். முதல் பிரதியில் அவரை விவரமில்லாதவராக எழுதியிருந்தேன். காரணம் உண்டு. ஆந்தை எங்கே இருக்கும் என்று கேட்டதற்கு, சத்தம் இங்கே கேட்டாலும் கூடு பண்பொழி மலையடிவாரத்தில்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

இரண்டு சாயங்காலம் பண்பொழிக்குச் சைக்கிள் மிதித்தோம். முதல்நாள் ஒன்றுமில்லை. மறுநாள் ஒரு பாறைமேல், கைக்குழந்தை அளவுக்குப் பெரிய கொம்பன் ஆந்தை. தொண்டையைச் செருமிக்கொண்டு ‘பூ…போ’ என்றது. நம்முடைய ‘உக்’ இல்லை. பரீது டார்ச்சைக் கீழே போட்டான்.

மூன்றாம் நாள் மாமியார் புளியறை என்றார். போனோம். அங்கே கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் சைக்கிளை நிறுத்தி, என்ன கடத்துகிறீர்கள் என்றார்கள். ஆந்தை தேடுகிறோம் என்று உண்மையைச் சொன்னேன். அதனால் ஒரு மணி நேரம் போயிற்று.

விவரமில்லாதவர் மாமியார் அல்ல என்பதை இந்த இடத்திலேயே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். வாசகர் கண்டுபிடித்திருப்பார்.

5

நான்காம் நாள் சைக்கிள் பஞ்சர். வீட்டிலேயே இருந்தோம். ஆறு மணிக்குப் புறவாசலில் ‘உக்’.

ஓடினோம். வாய்க்கால் கரையில் ஒரு பழைய இலுப்பை மரம் உண்டு. அதன்முன் சொக்கம்மாள் நின்றார். அவ்வளவு பெரிய மரத்தை ஒரு மனுஷி மறைக்க முடியாது. மறைத்துக்கொண்டு நின்றார்.

“இதக் கொல்லவா மருமகப்பிள்ளை இம்புட்டுப் பாடு படுதிய?”

இல்லை அத்தை என்று பந்தயத்தைச் சொன்னேன். பரீது கவணை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். பேச்சு அருவித் தண்டனைக்கு வந்ததும் மாமியார் முகம் இளகியது. திரும்பி நின்று, வாயைக் குவித்து, ‘உக்’ என்றார்.

பொந்திலிருந்து ‘உக்’ என்று பதில் வந்தது.

டார்ச் அடித்தேன். ஒரு சாண் உயரம், மரப்பட்டையின் நிறம், தலையில் காதுபோல இரண்டு இறகுக் குச்சம். எங்களைப் பார்த்ததில் அதற்குச் சந்தோஷமில்லை.

“அவதான் எனக்குச் சொல்லித் தந்தா. நீங்க தவளைன்னு சொன்னா, அடுக்களைக்குள்ள வந்து நின்னு இப்பிடிக் கூப்பிடுவா. சிரிப்பு வெளிய கேக்கக் கூடாதுன்னு சேலைய வாயில வச்சிக்கிடுவா.”

ஆகவே நான் கேட்ட சத்தங்களில் பாதி என் மனைவியுடையவை. அவை தவளைதான் என்று விலங்கியல் ஆதாரங்களோடு அவளிடமே நிரூபித்திருக்கிறேன்.

(இந்த இடத்தில் கதாநாயகன் அழ வேண்டும். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நடந்தது இதுதான்: சிரித்தேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. ஆந்தை பொந்தை விட்டு மேல்கிளைக்குப் போய்விட்டது.)

6

இனி முடிவு. இரண்டு எழுதினேன். ஒன்றில், ஆந்தை இருந்தது, அவள் ஜெயித்தாள், நான் அருவிக்குப் போகிறேன். மற்றதில், அவள் கள்ளக்குரல் கொடுத்ததால் பந்தயம் செல்லாது. நான் வெந்நீர் போடுகிறேன். பரீது வெந்நீர்க் கட்சி. மாமியார் நல்லெண்ணெயைக் காய்ச்சிச் செம்பில் ஊற்றித் தந்தார். பங்குனிக்குப் பிறகு நான் தலைக்கு எண்ணெய் வைத்ததில்லை.

இதை எழுதுவது சனிக்கிழமை விடியலில், அருவிக்கரைப் படியில். அருவி நன்றாகவே விழுகிறது. ஜெயித்தது யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்; எந்தத் தீர்ப்பானாலும் எனக்குச் சம்மதம். கொஞ்சம் சீக்கிரம். எண்ணெயை உச்சியில் வைத்துவிட்டேன், காதுக்குள் இறங்குகிறது. பரீது சட்டையை வாங்கிக்கொண்டான். நோட்டையும் கேட்கிறான். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு காலை மட்டும் நீட்டி…