ஆறரை மணிப் படுக்கை

காரைக் கிளப்பிய மாவிஸ் ஆக்டன் அதை அணைத்துவிட்டு மறுபடி வீட்டுக்குள் வந்தாள். ஏற்கெனவே ஒரு தடவை மூக்குக்கண்ணாடிக்காக வந்து போயாகிவிட்டது. இந்தத் தடவை எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டவுன்ஹாலில் கூட்டம் ஆறு மணிக்கு. நகராட்சியில் இருபது வருடமாய் உறுப்பினராக இருப்பவளுக்குக் கூட்டத்துக்குப் போக இப்படியொரு தவிப்பா!

அவள் கணவர் நெவில் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருப் பிள்ளைகள் பந்து உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா போகல? போய் ஊரைக் காப்பாத்து, போ."

"போறேன். குடிக்க ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். என் பேரு மட்டும் அங்க வரக்கூடாது. சொல்லிட்டேன். ஆயுசு முழுக்க இந்த ஊர்ல பஸ் ஓட்டினவன் நான். என்னைக் கைக்கொழந்த மாதிரி ஆறரைக்கே தூக்கிப் போட்டுட்டுப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேசணுமா?"

அதுதான் விஷயம். பக்கவாதம் நெவிலின் இடது பக்கத்தை அப்படியே கொண்டுபோய்விட்டது. அவரைத் தூக்கும் இயந்திரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். மாவிஸ் ஒருத்தியால் ஆகாது. நகராட்சி ஒரு கம்பெனிக்குப் பணம் கொடுத்து, இவரைப் போன்ற அறுபது பேர் வீட்டுக்குப் பணிப்பெண்களை அனுப்புகிறது. மூன்று மாதம் முன்பு வரை அவர்கள் இரவு ஒன்பதுக்கு வந்து படுக்க வைத்தார்கள். கம்பெனிக்கு ஆள் போதவில்லை. நகராட்சியைக் கேட்டுக்கொண்டு நேரத்தை ஆறரைக்கு மாற்றிவிட்டது. அன்றிலிருந்து நகராட்சியின் அறிக்கையில் ஒரே பச்சை நிறம்! ஒரு வருகைகூடத் தவறவில்லையாம், ஒருவர்கூடத் தாமதமில்லையாம். சௌகரியப்பட்ட நேரத்தைத் தானே குறித்துக்கொண்டு அந்த நேரத்துக்கு வந்து நிற்பவன் எப்படித் தாமதமாவான்? இதைக் கேட்க ஒரு ஆள் இல்லை அந்தக் கட்டடத்தில்.

கேட்க வேண்டியது மேற்பார்வைக் குழு. இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று இன்றைக்கு வாக்கெடுப்பு. ஆளுங்கட்சிக்குத் தலைவரையும் சேர்த்து மூன்று பேர். எதிர்ப்பக்கம் மாவிஸையும் சேர்த்து நான்கு பேர். கணக்கு சுலபம். ஆனால் நகராட்சி விதி என்று ஒன்று இருக்கிறதே! தன் வீட்டைத் தொடும் விவகாரம் என்றால் உறுப்பினர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வாக்கு கிடையாது. பொதுமக்கள் நாற்காலியிலிருந்து மூன்று நிமிடம் பேசலாம், அப்புறம் வெளியே போய்விட வேண்டும். அவள் போய்விட்டால் மூன்றுக்கு மூன்று; சமமாகிவிட்டால் முடிவு செய்யத் தலைவருக்கு இன்னொரு வாக்கு.

அவள் கட்சிக்காரர் கீத், தேநீர்க் கோப்பையோடு டவுன்ஹால் தாழ்வாரத்திலேயே அவளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வாயே திறக்காத. கையை மட்டும் தூக்கு. முடிஞ்சுது."

"கீத், அது சரியில்லயே."

"நெவிலை நீதான் பாத்துக்கறன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க. நெனச்சிட்டே இருக்கட்டுமே! உன் மனசாட்சி முக்கியமா, படுத்துக் கெடக்கற அறுபது பேரு முக்கியமா?"

கீத் சொன்னதில் தப்பு என்னவென்று மாவிஸால் அடித்துச் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

கூட்டம் தொடங்கியது. தலைவர் ட்ரெவர் ஹார்கிரீவ்ஸ் வழக்கம்போலக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சொந்த விவகாரம் யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். மாவிஸ் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சுட்டது. ட்ரெவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

பராமரிப்புத் துறை இயக்குநர் எழுந்தாள். நல்ல பெண்தான், குரலும் இதமான குரல். திரையில் பச்சைக் கட்டங்களைக் காட்டிக்கொண்டே போனாள். மாவிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறரை. இந்நேரம் நெவிலின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

"புது நேரத்துக்கு எல்லாரும் நல்லாவே பழகிட்டாங்க. இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரல. அது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள் இயக்குநர்.

அடிப்பாவி! பழகிவிட்டார்களா? புகார் எப்படி வரும்? நெவில் வெட்கத்தில் வாயைத் திறக்க மாட்டார். அவளோ மூன்று மாதமாக உறுப்பினர் என்ற கௌரவத்தைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். மற்ற வீடுகளிலும் இதே கதையாகத்தான் இருக்கும். இப்போதும் பேசாமல் கையைத் தூக்கினால், ஜெயித்தாலும் ஒரு புகார்கூட இல்லை என்பதுதான் உண்மையாக நிற்கும்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்கார் மாவிஸ்" என்று கீத் பல்லைக் கடித்தார்.

"தலைவரே, எனக்குச் சொந்த விவகாரம் இருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. மன்னிக்கணும்." மேசையைச் சுற்றி நடந்து, காலியாகக் கிடந்த பொதுமக்கள் நாற்காலிகளில் ஒன்றின் முன்னால் போய் நின்றாள். பக்கத்திலிருந்த நகராட்சிச் சட்ட அதிகாரி ட்ரெவர் காதில் ஏதோ சொன்னாள். ட்ரெவர் பெருமூச்சு விட்டார்.

"மூணு நிமிஷம், கவுன்சிலர் ஆக்டன்."

"இப்ப கவுன்சிலர் இல்ல, வெறும் மாவிஸ். நேத்து ஆறரைக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க, ட்ரெவர்?"

"பொதுமக்கள் கேள்வி கேக்கக் கூடாது, அறிக்கை மட்டும்தான்..."

"சரி, நானே சொல்றேன். உங்க வீட்டு வழியாத்தான் வந்தேன். அரைக்கால் சட்டையோட புல்லு வெட்டிட்டிருந்தீங்க." யாரோ சிரித்தார்கள். "அந்த நேரத்துல என் வீட்டுக்காரர் படுக்கையில இருந்தாரு. பேரு நெவில் ஆக்டன். நீங்கள்லாம் அவர் பஸ்ஸுல போனவங்கதான். இந்தக் கோடையில ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிய வெளிச்சம், பிள்ளைங்க வெளையாடற சத்தம். அவரு கூரையைப் பாத்துட்டுக் கெடக்காரு. காலைல எட்டு மணிக்குத்தான் எழுப்ப ஆளு வரும். மத்தியானத்துக்கு மேல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கறாரு. ஏன் தெரியுமா? ராத்திரி ஒண்ணுக்கு வந்தா என்னால தூக்க முடியாது, ஈரத்துலயே கெடக்கணும். புகார் ஒண்ணும் வரலன்னீங்களே அம்மா, இதோ வந்திருச்சு. எழுதிக்கோங்க."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று நிமிடம் முடியும் முன்பே மாவிஸ் வெளியே வந்துவிட்டாள்.

காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். முடிவு தெரியவில்லை, யாரையும் கூப்பிட்டுக் கேட்கத் துணிச்சலும் இல்லை. நெவில் சொல்லாதே என்றதைச் சொல்லியாகிவிட்டது. மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது?

படுக்கையறைத் திரைச்சீலை முழுக்க வெயில். நெவில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சின் மேல் கைக்கணினி. டவுன்ஹால் கூட்டங்களை நேரலையில் காட்டுவார்கள் என்பதை அவள் அடியோடு மறந்துபோயிருந்தாள்.

"நீ இதையெல்லாம் பாக்க மாட்டியே!"

"படுக்கைல எனக்கு வேற என்ன வேலை? பேரைச் சொல்லிட்ட."

"சொல்லிட்டேன்."

"ஒண்ணுக்குப் போற சமாசாரத்தையும்."

"ஆமா. திட்டணும்னா திட்டு. ஓட்டு என்னாச்சு?"

"மூணுக்கு மூணு. ட்ரெவர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிட்டிருந்தான். அப்புறம் அந்த இன்னொரு ஓட்டையும் அவங்க கட்சிப் பக்கமே போட்டுட்டான்."

மாவிஸ் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நான் பேசாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருப்போம்."

ஆறுதலுக்காகப் பொய் சொல்லுகிற ஆள் இல்லை நெவில். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அறுபது வீட்டையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அழுதாள். அவர் அழவிட்டார். பிறகு வலது கையால் அவள் முழங்கையைத் தட்டினார்.

"இதோட முடிஞ்சுதா?"

"அடுத்த மாசம் எல்லா உறுப்பினரும் சேர்ற முழுச் சபை இருக்கு. அங்கதான் கடைசி முடிவு."

"எத்தனை மணிக்கு?"

"ஆறுக்கு. எதுக்குக் கேக்கற?"

"ஊர்க்காரன் எவன் வேணா மூணு நிமிஷம் பேசலாமில்ல?"

"பேசலாம்..."

"அப்ப எனக்கு ஒரு வண்டிக்குச் சொல்லு. அன்னிக்கு ஆறரைக்கு என்னைப் படுக்க வைக்கணும்னா, அந்த ரெண்டு பொண்ணுங்களும் கட்டிலைத் தூக்கிட்டு டவுன்ஹாலுக்குத்தான் வரணும்."