அந்தோணியார் தண்ணீர்

பதினான்கு மணி நேரம் இருபது நிமிடம், இத்தனை நேரமும் செசிலி ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள், இல்லீங்க, வேற ஒண்ணும் சாப்பிடலைங்க, குடிச்சாருங்க, அவ்வளவுதாங்க… நேற்று சாயங்காலம் சீட்டு எழுதியவரிடம், பிறகு ட்யூட்டி டாக்டரிடம், ராத்திரி ஊசி போட வந்த நர்ஸ் சித்ரகலாவிடம். மூன்று முறை. இப்போது காலை எட்டரை, பெரிய டாக்டரம்மா வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டிலாக வந்துகொண்டிருக்கிறார், இன்னும் ஆறு கட்டில். அவள் புருஷன் சந்தியாகு மல்லாந்து கிடக்கிறார். முகம் செங்கல் நிறத்தில் இருக்கிறது, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது. பிரஷர் ஏறவே மாட்டேங்குதுக்கா, வெறும் சரக்குக்கு இப்படி ஆகாதே என்று சித்ரகலா சொல்லிவிட்டுப் போனாள். செசிலி கட்டில் விரிப்பையே பார்த்தாள், ஓரத்தில் ஒரு ஓட்டை, ஒரு எண்ணெய்க் கறை, பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் டேபிளில் நின்ற கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது, குறை தெரிந்தால் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும், தன் கையால் செய்த குறைக்கு எங்கே ஒட்டுவது?

குடி நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்தது பக்கத்து டேபிள் கலைமகள். அவளுடைய கொழுந்தனாருக்கு எழுதிக் கொடுத்ததாம், அவர் ஊரைவிட்டே போய்விட்டார், ஏழெட்டு அட்டை மிச்சம். இது போட்டா வாடையே ஆகாதுக்கா, குடிச்சா குடலே வெளிய வந்துரும், ஆனா ஆளுக்குச் சொல்லிட்டுத்தான் குடுக்கோணும்னு டாக்டர் சொன்னாருக்கா… சொல்லிட்டு. சொன்னால் சந்தியாகு அட்டையோடு சேர்த்து அவளையும் ஜன்னலுக்கு வெளியே வீசுவார், மகளின் புதுநன்மைப் பூசைக்கு வாங்கின கேக்கை வீசினது போல. பதினேழு வருடம். அவள் தோள்பட்டை எலும்பு முறிந்தது ஒருமுறை, பல்லடம் ரோட்டு டிவைடரிலிருந்து அள்ளி வந்தது எத்தனை முறை. அப்படிப்பட்டவர் அந்தோணியார் தண்ணீருக்கு மட்டும் பயப்படுவார். பதின்மூன்று செவ்வாய் நேர்ந்துகொண்டு கோயிலிலிருந்து பாட்டிலில் அவள் கொண்டுவரும் மந்திரித்த தண்ணீர், எவ்வளவு போதை தெளியாத காலையிலும் சிலுவை போட்டுக் கை நீட்டுவார். வாரத்துக்கு நான்கு மாத்திரையை அம்மியில் நுணுக்கி அதில் போட்டாள். கரையவில்லை, சுண்ணாம்பு போல அடியில் தங்கியது, குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். குலுக்கும்போது ஒரு அருள்நிறை மரியே சொல்வாள்… எதற்குச் சொன்னாள்?

முதல் வாரம் குடித்துவிட்டு வந்து வாசலிலேயே வாந்தி, இரண்டாம் வாரமும். மூன்றாம் வாரம் அவரே நிறுத்திக்கொண்டார். ஐம்பத்தொன்பது நாள். தெருக் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பத்துப் பெண்கள் முன்னால் எழுந்து நின்று, கோடி அற்புதர் அந்தோணியாரு எந் தொண்டைக்குழியப் புடிச்சு நிறுத்திட்டாருங்க என்று அழுதார், எல்லாரும் அழுதார்கள், செசிலியும் அழுதாள். அது பொய்ச் சாட்சியா, எட்டாம் கட்டளையா, அவள்தான் வாயே திறக்கவில்லையே… இரண்டு மாதமாகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. அந்த ஐம்பத்தொன்பது நாளும் அவர் மகளுக்குத் தலை பின்னிவிட்டார், கோணலாக.

நேற்று சனிக்கிழமை. சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தியாகுவும் கூட வேலை செய்யும் கட்டிங் ஆட்களும் கிளம்பும்போது காசிமாயன்தான் ஆரம்பித்தானாம், மதுரைப் பக்கத்து ஆள், அவனே ஆட்டோவில் தூக்கிவந்து போட்டுவிட்டு அழுதுகொண்டே சொன்னான். “சும்மா வெளையாட்டுக்குத்தாங்க்கா சொன்னேன். ‘ஒங்க சாமிக்குச் செவ்வாக்கெழமதானய்யா ட்யூட்டி, இன்னைக்கு லீவுல இருப்பாரு’ன்னேன். சிரிச்சுக்கிட்டே கடைக்கு வந்துட்டாருக்கா.” சாமி லீவில் இருந்திருக்கலாம், மாத்திரை லீவு எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு கட்டில். சொல்லிவிட வேண்டியதுதானே, போலீசு வந்தால் வரட்டும், நாத்தனார் மண்ணை வாரித் தூற்றட்டும், அதற்கெல்லாமா பயம்… இல்லை. சொன்னால் அவர் பிழைப்பார், பிழைத்து எழுந்து யாரை நம்புவார்? தலை பின்னிய அந்தக் கை யாருடைய கை, அந்தோணியார் பிடித்த கையா, அவள் குலுக்கிய பாட்டிலா… காலையில் ஆறு மணிக்கு அவர் கண் விழித்தபோது… அதை நினைக்காதே, ஆண்டவரே, அதை மட்டும்.

டாக்டரம்மா வந்து நின்றார். சீட்டைப் பார்த்தார், சந்தியாகுவின் மணிக்கட்டைப் பிடித்தார், முகம் மாறியது. “காலைல கொஞ்சம் தேறியிருந்திருக்கு, மறுபடி எறங்குது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வேற எதுனா உள்ள போயிருக்கா? தெரியாம நாங்க என்னன்னு வைத்தியம் பாக்கறது?”

செசிலி வாய் திறப்பதற்குள் சந்தியாகுதான் பேசினார். நாக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. “அவளக் கேக்காதீங்க மேடம். நாந்தான் வாக்குத் தவறிட்டேன், அந்தோணியாரு அடிச்சுட்டாரு… ஏம்புள்ள, அந்தத் தண்ணி இன்னுங் கொஞ்சம் ஊத்து.” வாயைத் திறந்து வைத்துக்கொண்டார், பூசையில் நற்கருணை அப்பத்துக்குத் திறப்பது போல. கண் அவள் கட்டைப்பையின் மேலேயே இருந்தது. இந்தப் பார்வை அவளுக்குத் தெரியும், பதினேழு வருடமாகக் குவார்ட்டர் பாட்டிலைப் பார்த்த பார்வை. அப்படியானால் அவர் எதை நிறுத்தினார்… அவள்தான் எதை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்…

பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். இந்த முறை குலுக்கவில்லை. அவரிடம் நீட்டாமல் டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

“குடி நிறுத்தற மாத்திரைங்க. ரெண்டரை மாசமா இதுலதான் கலந்து குடுத்தேன், அவருக்குத் தெரியாதுங்க.” சந்தியாகுவின் வாய் திறந்தபடியே இருந்தது. “இன்னிக்கும் கேட்டாருங்க… ஆறு மணிக்கு, இந்தக் கட்டல்லயே… குடுத்தனுங்க.”