அரை அளவு

கண்ணாடி வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கனவு காணும் வியாதி உண்டு. நாள் முழுக்கச் சுடரைப் பார்த்தபடி கையில் ஒரு கண்ணாடிக் கம்பியை உருட்டிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் மனம் இருந்த இடத்தில் இருக்கும்? ஆய்வுக்கூடங்களுக்குக் குழாய்களும் புனல்களும் செய்து பிழைத்த நம் கண்ணாடிக்காரனுக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. நாற்பதை நெருங்குகிற ஆள், கூப்பிட்டால் திரும்பமாட்டான். கடையின் முன்பக்கத்தைக் கவனித்துக்கொண்ட அவன் அக்காதான் அவனைத் தரையில் நிற்க வைத்திருந்தாள், அதுவும் கத்திக் கத்தி.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். அவன் வயதுதான் இருக்கும். குடையை மடக்கி, தரை நனையாத ஓரமாகப் பார்த்துச் சாய்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"காதுல இருக்கற ஓட்டையைப் பெருசாக்கணும். கண்ணாடியில தக்கை செஞ்சு குடுப்பீங்களா?"

"எவ்வளவு பெருசு?"

"ஜன்னல் மாதிரி. கனவுல பார்த்தேன். காதுல குட்டியா ஒரு ஜன்னல், அதுல நிறமே இல்லாத கண்ணாடி. அது வழியா வெயில் தோள்ல விழுது. முழிச்ச பிறகும் தோள் வெதுவெதுன்னு இருந்துச்சு."

அக்கா சிரிப்பை அடக்கப் பென்சிலைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு 'ஜன்னல்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆனால் கண்ணாடிக்காரன் சிரிக்கவில்லை. கனவிலிருந்து வேலை கொண்டுவந்த வாடிக்கையாளரை அவன் அதுவரை பார்த்ததில்லை.

சுவரில் மாட்டியிருந்த பித்தளைத் தகட்டை எடுத்து அவள்முன் வைத்தான். ஒன்றைவிட ஒன்று பெரிதாக வரிசையாகத் துளைகள் போட்ட தகடு அது. கனவில் பார்த்த ஜன்னல் இதுதான் என்று அவள் ஒரு துளையில் விரல் வைத்தாள். இப்போதிருக்கும் ஓட்டையிலிருந்து அதுவரை தூரம் கொஞ்ச நஞ்சமில்லை.

"ஒரேயடியா ஆகாதுங்க. ஒவ்வொரு துளையா ஏறணும். ஓட்டை குத்தி நாளாச்சா?"

"சின்ன வயசுல குத்தினது."

"அப்ப சரி. புதுசா இருந்தா முதல்ல நல்லா ஆறணும். ஒரு அளவு போட்டா ஒரு மாசம், ரெண்டு மாசம் அப்படியே விட்டுடுங்க. அடுத்ததைப் போடறதுக்கு முன்னாடி வெந்நீர்ல குளிச்சு, எண்ணெய் தடவி நீவி விடுங்க. தானா வழுக்கிட்டுப் போகணும். வலிச்சா நிறுத்திடுங்க. ரத்தம் வந்தா பழைய அளவுக்கே திரும்பிடணும், வீம்பு பிடிக்கக் கூடாது. கனமா எதையும் தொங்கவிட்டு இழுக்கவும் கூடாது."

"அவசரப்பட்டா?"

"கிழிஞ்சு தழும்பாயிடும். தழும்பு அப்புறம் சொன்ன பேச்சு கேக்காது."

"எனக்கு ஒரு அவசரமும் இல்ல," என்றாள் அவள். அந்தப் பதில் அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் மாதங்கள் போயின. எத்தனை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சுடரில் கண்ணாடியை உருட்டித் திரட்டுவான். விளிம்பு காதைக் கீறாதபடி மழுமழுவென்று உருக்கிவிடுவான். பிறகு சூளையில் வைத்துப் பொறுமையாக ஆறவிடுவான், அவசரப்பட்டால் கண்ணாடியும் விரிசல் விடும். அவள் வருவாள். காதைக் காட்டுவாள். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை என்று பார்த்த பிறகே புது ஜோடியைக் கொடுப்பான். வீட்டில் நிதானமாகப் போட்டுக்கொண்டு, பழகியதும் மறுபடி வருவாள். கடையின் பெரிய ஜன்னல் பக்கம் அவள் திரும்பும்போது காதுக் கண்ணாடிக்குள் புகுந்த வெயில் கழுத்தடியில் ஒரு பொட்டாக விழும். முதலில் கடுகளவு இருந்தது மிளகளவு ஆயிற்று. அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே அவன் பேச வேண்டியதை மறந்துபோவான். தெருச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கும்.

அவளும் பேசுவாள். மேகத்தைப் பற்றி, எதிர்வீட்டு மாடியில் தூங்கும் பூனையைப் பற்றி. எதற்கும் அவசரமில்லாத பேச்சு.

ஒருநாள் தகட்டைப் பார்த்தவனுக்குப் பகீரென்றது. அவள் விரல் வைத்த துளைக்கு இன்னும் இரண்டு மூன்று துளைகள்தான் பாக்கி. ஜன்னல் முடிந்துவிட்டால் அவளுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை? 'நீங்கள் வருவது எனக்குப் பிடிக்கிறது' என்று வாய்திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தத் துப்பு இருந்தால் அவன் ஏன் இத்தனை வருஷம் சுடரோடு பேசிக்கொண்டிருக்கிறான்? அடுத்த ஜோடியை இரண்டு துளைகளுக்கும் நடுவே, அரை அளவுதான் கூட்டிச் செய்தான். ஒன்றும் தெரியாதவன்போல் கொடுத்தும்விட்டான்.

அடுத்த முறை வந்தவள், "பஞ்சு மாதிரி போயிடுச்சு, தெரியவே இல்ல," என்று சிரித்தாள். அவனுக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. வெட்கத்தை ஓரங்கட்டிவிட்டு மறுபடியும் அரை அளவு செய்தான். அதற்கடுத்தும் அப்படியே.

கடைசித் துளைக்கு முந்தைய துளையில் அவள் நின்றபோது அக்காவிடம் மாட்டிக்கொண்டான். சூளையைத் துடைக்க வந்தவள் அங்கிருந்த புது ஜோடியை விளையாட்டாகத் தகட்டில் போட்டுப் பார்த்தாள். ஒரு துளையில் தொளதொளவென்று ஆடியது, அதைவிடச் சின்னதில் நுழையவே இல்லை.

"என்னடா இது?"

அவன் அவசரமாகத் தக்கைகளைப் பறிக்கக் கை நீட்டினான். அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அடப்பாவி! அந்தப் பொண்ணு காதை வச்சு நாளை ஓட்டிட்டு இருக்கியா? அவ உன்னை நம்பித்தானே காதைக் குடுத்திருக்கா! ஒழுங்கா முழு அளவு செய். உண்மையையும் சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

அந்த ஜோடியை உடைத்துப் போட்டுவிட்டு முழு அளவில் புதிதாகச் செய்தான். அவள் வந்தபோது அதைக் கையில் பிடித்துக்கொண்டே தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

"ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நாளா நான் குடுத்ததெல்லாம் அரை அளவுங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"அளவுக் கருவிகளைச் சோதிக்கற இடத்துல வேலை பார்க்கறேன். முதல் தடவையே அளந்து பார்த்துட்டேனே."

உலகத்தில் ஏமாற்ற எத்தனையோ பேர் இருக்க, மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவளிடம் போய்க் கைவரிசையைக் காட்டியிருக்கிறான். இத்தனை மாதமாக அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை, மகராசனுக்கு.

"ஏன் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? என் காது நோகக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செய்யறீங்கன்னு நினைச்சேன். எனக்காக யாரும் இவ்வளவு நிதானமா எதையும் செஞ்சதில்ல. கூட வேலை செய்யறவங்க கிட்டகூடப் பெருமையாச் சொன்னேன்."

தப்பிக்கக் கதவு அகலமாகத் திறந்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அவள் மனதில் அவன் உத்தமனாகவே இருந்துவிடலாம். பின்னால் அக்கா இருமினாள். ஆனால் அந்த இருமலுக்காக அவன் சொல்லவில்லை. அந்தப் பெண் அவ்வளவு மலர்ந்த முகத்தோடு ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"காதுக்காக இல்லைங்க. ஜன்னல் முடிஞ்சா நீங்க வர மாட்டீங்க. அதுக்காகத்தான்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. மேசைமேல் அவன் வைத்த தக்கைகளைத் தொடக்கூட இல்லை. குடையை எடுத்துக்கொண்டு, "நான் வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த 'வரேன்' வெறும் வாய்வார்த்தை என்று நாள் போகப் போக அவனுக்கு உறுதியாயிற்று. புனல் செய்ய உட்கார்ந்து தக்கை செய்தான். தூங்கினால் கனவில் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக ஒரு தெரு தெரியும். மழை பெய்துகொண்டே இருக்கும், தெருவில் ஒரு ஆள் இருக்காது. விழித்தால் அழுகை முட்டும். அக்கா அவனைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நல்ல வெயில் காய்ந்த ஒரு பகலில் கதவு திறந்தது. அவள்தான். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள், அந்தக் கடையில் அது அதிசயம்.

அவன் பஞ்சில் பொதிந்து வைத்திருந்த ஜோடியை எடுத்து வைத்தான். அவள் கைப்பையிலிருந்து இடுக்கி போன்ற ஓர் அளவுக் கருவியை எடுத்து, அதன் வாய்க்குள் தக்கையைப் பிடித்து, கண்ணருகே கொண்டுபோனாள்.

"முழு அளவு. கொஞ்சம்கூடப் பிசகல."

"ஆமாங்க. ஆனா ஒண்ணு. இப்ப நிறுத்திட்டா காது ஓட்டை ஓரளவு சுருங்கிடும். இதைப் போட்டுட்டா அப்புறம் பழையபடி மூடுமான்னு சொல்ல முடியாது. நல்லா யோசிச்சுப் போடுங்க. இதுக்கு மேல நீங்க இங்க வர வேண்டிய அவசியமும் இல்ல."

அவள் கொஞ்ச நேரம் தக்கையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பஞ்சில் பொதிந்து அவன் பக்கமே நகர்த்தினாள்.

"இது வேண்டாம், இப்போதைக்கு," என்றாள். "அரை அளவு ஒண்ணு செஞ்சு குடுங்க."

அவன் பஞ்சுப் பொதியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காதுக்காகவா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள் அவள்.