பங்க்காரரின் கடைசி வண்டி

சாவியைத் திருகியதும் அமரர் ஊர்தி இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை அந்த இருமலும் வரவில்லை. ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவரைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்தார்.

"டீசல் காலிங்க," என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்குன்னு முள் காட்டிச்சு. பொய் சொல்லிடுச்சு."

பெட்டிக்குள் இருந்தவர் அந்த ஊர் பெட்ரோல் பங்க்கின் மேனேஜர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சாகும்வரை ஊருக்கே டீசல் ஊற்றியவர். சிரிக்கிற இடமில்லை என்று தெரிந்தும் அவருடைய மகளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருந்திருந்தால் அப்பாதான் முதலில் சிரித்திருப்பார்.

அவளை ஊரில் எல்லாரும் பேட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அப்பா. கூரைகளில் சோலார் பேனல் மாட்டும் தொழிலை அவள் ஆரம்பித்ததிலிருந்து, "ஊரே என்கிட்ட எண்ணெய் வாங்குது, நான் பெத்தது வெயிலை விக்குது" என்று லாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

எங்கோ ஒரு கடலில், எண்ணெய்க் கப்பல்கள் போய்வரும் குறுகலான வழியை இரண்டு நாடுகள் சண்டை போட்டு அடைத்துவிட்டன. அன்றிலிருந்து பங்க்கில் வரிசை. "உலகத்துல எவன் எவனை அடிச்சாலும் வீக்கம் நம்ம பங்க்குலதான்" என்று அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டே, மழை பெய்ய வேண்டிய மாதத்தில் அடித்த வெயிலில் வாரக்கணக்காக நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார். நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

"பங்க்குல ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்குன்னு ஒதுக்கினது கொஞ்சம் இருக்கு," என்றான் தம்பி. "அதுல அஞ்சு லிட்டர் எடுத்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்கப்பாவுக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

மின்சாரம் இல்லை. பெட்டியைச் சுற்றி வைத்திருந்த ஐஸ் பாதிக்குமேல் தண்ணீராகி வண்டியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மயானமோ மலைமேட்டைத் தாண்டி அந்தப் பக்கம். தோளில் தூக்கிப் போகிற தூரமில்லை. வெயில் ஏற ஏற, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தெருவோரம் நின்ற அவளுடைய பேட்டரி வேனைப் பார்த்தார்கள்.

"அது மட்டும் நடக்காது," என்றார் சித்தப்பா. "அண்ணன் சொன்ன வார்த்தை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்."

அவளுக்கு இல்லாமலா? வேனை வாங்கி வந்த அன்று, முதல் சவாரி அப்பாதான் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "என் பொணம்கூட அதுல ஏறாது" என்றார் அவர். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் சுருக்கென்று தைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. என்றைக்காவது ஒருநாள் ஏறுவார் என்று காத்திருந்தாள். மழையில் நனைந்துகொண்டு பங்க்குக்கு நடந்தாரே தவிர மனுஷர் ஏறவே இல்லை.

"இப்ப வேற வழி என்ன இருக்கு, சித்தப்பா?" என்றான் தம்பி.

வழி இல்லைதான். இரண்டு பேர் கை கொடுத்தால் போதும், அப்பா அவளுடைய வேனில் ஏறிவிடுவார். இத்தனை வருஷச் சண்டையில் கடைசியில் அவள் ஜெயித்துவிடுவாள். அந்த வெற்றி அவளுக்கு வேண்டாம். அவராக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அந்த வருத்தம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

"அப்பா என் வண்டியில ஏற வேணாம்," என்றாள். "இதுலயே இருக்கட்டும். நான் இழுத்துட்டுப் போறேன்."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "என்ஜின் ஓடலைன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்மா, மிதிச்சாலும் பிடிக்காது. மேட்டுக்கு அந்தப் பக்கம் நீள இறக்கம். கயிறு கட்டி இழுத்தா நேரா உங்க முதுகுல வந்து மோதிடுவேன்."

"கயிறு இல்லண்ணே, பைப். என் வண்டி உங்களையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பாத்துக்குங்க."

பேனல் சட்டத்துக்கு வைத்திருந்த இரும்புப் பைப்பை வேன் கூரையிலிருந்து இறக்கினாள். ஒரு முனையை வேனின் பின்புறக் கொக்கியிலும் மறு முனையை ஊர்தியின் முன்புறக் கொக்கியிலும் போல்ட் போட்டு முடுக்கினாள். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கை நிற்கவில்லை.

"இதுக்கு அண்ணன் என்ன சொல்லுவாரு?" என்றார் சித்தப்பா, குனிந்து பார்த்துக்கொண்டே.

"கேலி பண்ணுவாரு, சித்தப்பா. ஆனா கூட வருவாரு."

சித்தப்பா வந்து ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா வேனின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். திரையில் சார்ஜ் இருபத்துமூன்று சதவீதம் என்று காட்டியது. நேற்று வெளியூர் வேலைக்குப் போய்வந்ததில் கரைந்தது போக மிச்சம். வெறும் வண்டிக்கு அது தாராளம். பின்னால் இன்னொரு வண்டியையும் இழுத்துக்கொண்டு வேன் இதுவரை மேடு ஏறியதில்லை.

"போதுமாடி?"

"போதும்மா," என்றாள் அழுத்தமாக. அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியாது.

வழியில் பங்க் வறண்டு கிடந்தாலும் வரிசை கலையவில்லை. டேங்கர் லாரி என்றைக்கு வந்தாலும் இடம் போய்விடக் கூடாதே. சத்தமே இல்லாமல் ஒரு வேன், பின்னால் அமரர் ஊர்தியை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து ஆட்கள் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள். "ஒருத்தனையும் முந்த விடமாட்டாரு. இன்னைக்கு அவரே வரிசையைத் தாண்டிப் போறாரு பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

மேட்டில் எண் மளமளவென்று இறங்கியது. பதினெட்டு, பதினான்கு, பதினொன்று. ஒன்பதில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நின்றால் திரும்பக் கிளப்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சீராக ஏற்றினாள். கண்ணாடியில் ஊர்தியின் முகப்பு மட்டும் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. ஏழில் உச்சி வந்தது.

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். முதுகுப் பக்கம் ஒரு தள்ளு. ஊர்தியின் பாரம் முழுக்கப் பைப் வழியாக வேன்மேல் சாய்ந்தது. வேன் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு, ஓடாமல் நிதானமாக இறங்கியது.

"என்னடி இது," என்றாள் அம்மா. "நம்பர் ஏறுது."

"பின்னாடி அப்பா வண்டியோட கனம் இருக்குல்ல, அது தள்றப்போ சார்ஜ் ஏறும்மா."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு ஒன்பதாகி, ஒன்பது பத்தாகி, மஞ்சள் விளக்கு அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, திரையில் படிந்திருந்த தூசியை விரல் நுனியால் துடைத்தாள்.