வாசலில் ஓடிய பெட்ரோல்

மர்வாவின் கணவன் ரிஃபாய் துபாயில் இருந்தான். அவன் விட்டுப்போன பழைய வேன் மூன்று நாளாக முக்கி முக்கி நின்றது. பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று அவன் போனில் சொன்னதும், மர்வா புதியதை வாங்கி வந்து காலையிலேயே வேனுக்கு அடியில் படுத்துவிட்டாள்.

கிளிப்பைத் தளர்த்தியும் ரப்பர் குழாய் ஃபில்டரை விடவில்லை. உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தது. குறட்டால் பிடித்து ஆத்திரத்தோடு முறுக்கினாள். குழாய் கிழிந்து, பெட்ரோல் முழங்கை வழியாக ஊற்றியது. கட்டைவிரலால் அடைத்தும் நிற்கவில்லை.

அது ஓடும் திசையைப் பார்த்தாள். சிமெண்ட் வாசல் பக்கத்து வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. அங்கே கனகலட்சுமி விறகடுப்பில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

குழாயிலிருந்து கையை எடுக்காமலேயே மர்வா கத்தினாள்.

“அக்கா, அடுப்ப அமத்துங்க. பெட்ரோல் வருது.”

கனகலட்சுமி திரும்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

“தண்ணி வேணாங்க்கா. மண்ணப் போடுங்க.”

சுவர் பூசக் கொட்டியிருந்த மணலை முறத்தில் அள்ளி, புட்டுப்பானையோடு சேர்த்து அடுப்பை மூடினாள் கனகலட்சுமி. அடுத்த முறத்தைப் பெட்ரோலுக்குக் குறுக்கே கொட்டினாள். அடுப்புக்கும் அதற்கும் இரண்டு சாண்தான் இருந்தது. புகை அடங்கும்வரை மர்வா கலிமாவை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கனகலட்சுமி குச்சியில் துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தாள்.

“கையை எடு தாயி, இதச் சொருகிருவோம்.”

“எடுக்க வரலக்கா.”

மரத்துப்போன விரல்களை கனகலட்சுமிதான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அன்று மதியம்வரை இரண்டு வீட்டிலும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.