பிளம் போட்ட வெள்ளைக் குட்டி

பிப்ரவரி மாதத்தில் நெப்ராஸ்காவில் மனிதர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே மாதக்கணக்கில் அதே முகங்கள். அதனால்தானோ என்னவோ எங்கள் குதிரைச் சங்கத்தார் பொலி ஏலத்தை அந்த மாதத்தில் வைத்திருக்கிறார்கள். பொருட்காட்சித் திடலின் கூடத்தில் பேருக்குக்கூட ஒரு குதிரை இருக்காது. ஏலத்துக்கு வருவது, ஆண்குதிரையிடம் நம் பெட்டையைச் சினைக்கு விடும் உரிமை மட்டும்தான். சுவரில் பொலிகுதிரையின் படம் ஓடும். சொந்தக்காரன் கீழே நின்றுகொண்டு கல்யாணத் தரகன் தோற்றுப்போகும்படி அளப்பான். கூட்டத்தில் கை தூக்குகிறவர்களைக் கண்டுபிடித்து ஏலக்காரருக்குக் கேட்கும்படி கத்துவது என் வேலை. என் தொண்டைக்கு ஏற்ற வேலை என்று என் அண்ணன் ஓரின் சொல்வான்.

அந்த ஏலத்தில் விலைபோன பொலிக்குப் பிறக்கும் குட்டிதான், பிறந்த வருஷம் செப்டம்பரில் நடக்கும் குட்டிப் போட்டிக்குள் கால் வைக்க முடியும். வேறு எப்பேர்ப்பட்ட குதிரைக்குப் பிறந்திருந்தாலும் வாசலோடு சரி.

அண்ணனுக்குப் போட்டியில் ஆசை கிடையாது. அவன் மாடு வளர்க்கிறவன். ஆசையெல்லாம் அண்ணி வெர்லீனுக்கு. அவள் ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்த எல்லாப் போட்டிகளிலும் சவாரி செய்தவள். பனிக்கட்டியில் குதிரை சறுக்கி அவள்மேல் விழுந்த பிறகு இடுப்பில் கம்பி வைத்தார்கள். இனிமேல் குதிரை ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் கைத்தடியோடு வீட்டுக்கும் லாயத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். பேச்சு குறைந்துபோயிற்று. என்னோடு சண்டை போடுவதைக்கூட விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குட்டிப் போட்டியில் யாரும் சவாரி செய்வதில்லை. குட்டியின் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் நடுவர் முன்னால் நிறுத்திக் காட்டினால் போதும். அண்ணியின் குதிரை பிளம்முக்கும் வயதாகிவிட்டது, இன்னும் ஒரு குட்டி போட்டால் பெரிய விஷயம். அந்த ஒரு குட்டியை வைத்து அவள் மறுபடியும் போட்டி வளையத்துக்குள் நடக்கலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டான். நல்ல கணக்கு. அவன் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த ஒரே யோசனை அதுதான்.

போன வருஷ ஏலத்தில் டெல்மர் ஹ்ருஸ்காவின் 'கார்னிவல்' படம் சுவரில் வந்ததும் அண்ணன் கையைத் தூக்கினான். தூக்கியவன் இறக்கவேயில்லை. கார்னிவல் உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான குதிரை. எங்கள் பக்கத்தில் இந்த வெள்ளைத் திட்டுக்காக மனிதர்கள் சோறு தண்ணி மறந்து அலைவார்கள்.

ஏலம் முடிந்து காபி குடிக்கும்போது டெல்மர் எங்கள் மேஜைக்கு வந்தார். நேர்மையான மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஓரின், ஒண்ணு சொல்லிடறேன்பா. நம்ம குதிரை ரத்தத்துல அந்த வெள்ளைச் சமாச்சாரம் இருக்கு. பெட்டைக்கும் அது இருந்துச்சுன்னா குட்டி முழு வெள்ளையா பொறந்துடலாம். அப்படிப் பொறந்தா குடல் வேலை செய்யாது. ரெண்டு நாள் தாங்காது. எதுக்கும் பெட்டையோட முடியைப் பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பிடு."

அண்ணன் போனை எடுத்து பிளம்மின் படத்தைக் காட்டினான். "இவளுக்கா? நல்லாப் பாருங்க. சுத்தச் செவலை. நெத்தியில ஒரு பொட்டு. மத்தபடி மருந்துக்குக்கூட வெள்ளை கெடையாது."

டெல்மர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இதுக்குப் போய் எதுக்குச் சோதனை. நான் எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி சொன்னேன். விடு."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். நிறத்தை ராப்பகலாகப் பார்த்துப் பார்த்து, தெரிவதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நினைக்கப் பழகிவிட்டவர்கள். அந்த ரத்தம் சில குதிரைகளின் உடம்பில் வெளியே தலைகாட்டாமல் ஒளிந்துகொண்டிருக்கும் என்று யார் யோசித்தார்கள்?

பிளம் சினை பிடித்தாள். அண்ணி மாறிப்போனாள். ஒரு சின்னத் தலைக்கயிறு வாங்கி ஆணியில் மாட்டினாள். இந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டு ஆட்டுக்கு அந்தத் தலைக்கயிற்றைப் போட்டு வேலியோரமாக நடந்து பழகினாள். ஒரு நாள் நான் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, இந்த ஆடே ஜெயிச்சுடும்போல இருக்கே."

"வாயை மூடு மார்வா. நீ மட்டும் ஒழுங்கா நடக்கறியாக்கும். வாத்து மாதிரி."

"வாத்துக்கு யாரும் தலைக்கயிறு போட மாட்டாங்க."

"போட ஆள் வந்திருந்தா நீ ஏன் இன்னும் எங்க வீட்டுல வந்து திங்கறே?"

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தேன். என் அண்ணி திரும்பி வந்துவிட்டாள். மார்ச் மாதத்தில் அவள் கைத்தடி இல்லாமல் லாயம் வரைக்கும் நடந்தாள்.

ஏப்ரலில் ஒரு நாள், விடிந்ததும் அண்ணன் கூப்பிட்டான். "பிளம் குட்டி போட்டுட்டா. வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் பேக்கரியில் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

அண்ணன் லாயத்துக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது.

"முழு வெள்ளைடி," என்றான்.

பெட்டியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"வெர்லீனுக்குத் தெரியாது. சாம்பியன் குட்டின்னு சொல்லிட்டேன். டாக்டரம்மா வந்துட்டிருக்காங்க. நீ போய்ச் சொல்லு மார்வா. என்னால முடியல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏண்டா, உன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லணுமா? நாள் பூரா வாய் கிழியப் பேசுவியே, இப்ப எங்க போச்சு?"

அறுபது வயது மனிதன் உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நான் உள்ளே போனேன்.

வைக்கோலில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். குட்டி பிளம்மின் மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. பால் மாதிரி வெள்ளை, நீலக் கண், கண்ணைச் சுற்றி இளஞ்சிவப்புத் தோல். நீட்டு நீட்டுக் கால்களை அகட்டிக்கொண்டு வாலை ஆட்டியது. ஏல விதிப்படி குட்டி எழுந்து நின்று பால் குடித்துவிட்டால் அது உயிருள்ள குட்டி, பொலிக்காரரின் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது. இது எழுந்து நின்றது. குடித்தது. விதியில் ஒரு குறையும் இல்லை.

"வா மார்வா. பாத்தியா என் ராஜாவை?"

"பாத்தேன் அண்ணி." கையிலிருந்த கொலாச்சிப் பெட்டியை வைக்கோல்மேல் வைத்தேன். "அண்ணி... அது வந்து..."

"உங்க அண்ணன் அனுப்பினானா, சொல்லச் சொல்லி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஈரத்தைத் துடைக்கும்போதே தெரிஞ்சு போச்சுடி. உடம்பு பூரா இளஞ்சிவப்புத் தோலு. ஒரு இடத்துலயாவது கறுப்பு இருக்காதான்னு வாய்க்குள்ள, காதுக்குள்ள எல்லாம் தேடினேன்." குட்டியின் முதுகை அவள் தடவிக்கொண்டேயிருந்தாள். "அதுக்குள்ள அவன் வந்து சாம்பியன், சாம்பியன்னு குதிச்சான். எனக்காகத்தானே குதிக்கறான்? பாவம், குதிக்கட்டும்னு நானும் கை தட்டினேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை.

கால்நடை டாக்டரம்மா கின்னி வந்தார். குட்டியின் வயிற்றில் காதுக்குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு வாலுக்கடியில் பார்த்தார். சாணம் எதுவும் வந்திருக்கவில்லை. "மத்தியானத்துக்கு மேல வலி ஆரம்பிச்சுடும் வெர்லீன். அதுவரைக்கும் வச்சிருக்க வேண்டாம். ஊசி போட்டுடலாம்," என்றார்.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். அண்ணி அவனைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் பேசி முடிந்துவிட்டது. "முடியைப் பிடுங்கி அனுப்பியிருக்கணும் வெர்லீன்," என்று ஆரம்பித்தான்.

"இப்ப வேண்டாம். பிளம்மைப் பிடிச்சுக்க. வெளிய கூட்டிட்டுப் போலாம்."

ஆணியிலிருந்து அந்தச் சின்னத் தலைக்கயிற்றை எடுத்துக் குட்டிக்குப் போட்டாள். அது தலையை உதறியது, பிறகு அவள் கையை மோந்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. அண்ணி எழுந்தாள். கைத்தடி சுவரோரம் இருந்தது, அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மார்வா, கூப்பிடு."

"என்ன அண்ணி?"

"வளையத்துக்குள்ள வரும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கல்ல. கூப்பிடு."

நான் லாயத்துக் கதவை அகலத் திறந்து பிடித்தேன். டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். என்னிடம் மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டேன்.

"கார்னிவல் குட்டி. தாய் பிளம். நடத்தி வர்றவங்க வெர்லீன்."

அண்ணன் பிளம்மை முன்னால் நடத்தினான். குட்டி அம்மாவின் பின்னால் தடுமாறித் தடுமாறி வந்தது. அண்ணி ஒரு கையில் கயிறும் மறு கையில் குட்டியின் பின்புறமுமாக, நிமிர்ந்து, ஆட்டோடு பழகிய அதே நடையில் முற்றத்தைச் சுற்றி வந்தாள். வெயில் வந்திருந்தது. குட்டி முதல்முறையாகப் புல்லைப் பார்த்து ஒரு துள்ளு துள்ளியது. டாக்டர் முன்னால் வந்ததும் அண்ணி அதை நிறுத்தி, நான்கு கால்களையும் சரிசெய்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"நல்ல குட்டி வெர்லீன்," என்றார் டாக்டர்.

"இன்னொரு வாட்டி குடிச்சுக்கட்டும். குடிச்சா தூங்கிடுவான். அப்புறம் போடுங்க."

குடித்தது. தலைக்கயிறோடே அண்ணியின் மடியில் தலை வைத்துத் தூங்கியது. ஊசி போட்டது அதற்குத் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் முழுக்க பிளம் வேலியோரம் நின்று குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு நிற்பதற்காக அண்ணி வீட்டிலிருந்து புறப்பட்டாள். லாயத்திலிருந்து நான் எடுத்து வந்த கைத்தடி வாசலோரம் சாய்ந்திருந்தது. படியிறங்கியதும் நின்று என்னிடம் கை நீட்டினாள்.

"அந்தத் தடியை எடுத்துக் குடு மார்வா," என்றாள்.